அலவாங்கு இறங்கிய இடங்கள்

கலியாணமாகி நான் குடிபுகுந்த வீட்டில் எனக்கு முன்பே மண் குடியிருந்தது. விறாந்தை முழுவதும் மண். தகரத் தட்டுகளில் மண், பழைய கடதாசி விரித்து அதன்மேல் மண், வாய் கட்டிய துணிப்பைகளில் மண். யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் கண்டிக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் குண்டசாலை தாண்டித் திகன போகும் வழியில் இறங்கி, களைத்துப்போய் அந்த வாசலில் நின்றேன். என் கணவர் முதலில் சொன்ன வார்த்தை இது: "செருப்பைக் கழட்டிப்போட்டு வாரும். மண்ணிலை ஊத்தை பட்டிடும்."

மண்ணில் ஊத்தை படுமாம். ஐயோ, என்ன மனிதரிடம் வந்து மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன்.

அவருக்குப் பேராதனையில் ஒரு கந்தோரில் உத்தியோகம். கண்டிக்குக் கிழக்கே உள்ள மலைச்சரிவுகளின் மண்ணை வகை பிரித்துப் படம் போடுவதுதான் வேலை. எந்தச் சரிவில் என்ன மண், எவ்வளவு ஆழம், களி எவ்வளவு, மணல் எவ்வளவு, தண்ணீர் நிற்குமா ஓடுமா, என்ன பயிர் வைக்கலாம் என்பதெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்தவுடனே தெரிய வேண்டும். முதல் வகைக்குச் சிவப்பு, இரண்டாம் வகைக்கு மஞ்சள், ஒன்றுக்கும் உதவாததற்குச் சாம்பல் நிறம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அது புது வேலை. நான் அதைப்பற்றி ஊருக்கு எழுதியபோது, மாப்பிள்ளை படித்தவர் என்றல்லவா தரகர் சொன்னார் என்று கேட்டு என் தகப்பனார் பதில் எழுதினார்.

அவர் படித்தவர்தான். ஆனால் அந்தப் படிப்பின் பெரும்பகுதி பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் இருந்தது. ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, விரல்களுக்கிடையே நாடாவாகத் தள்ளுவார். களி கூடிய மண் நீண்டுகொண்டே போகும். மணல் கூடியது உடனே முறிந்துவிடும். வெயிலில் பிடித்துத் திருப்பினால் காக்காய்ப்பொன் மினுங்கும். அப்போது அவர் முகத்தில் வருகிற சந்தோஷத்தை என் கூறைச்சேலையைப் பார்த்தபோதுகூட நான் கண்டதில்லை. காய்ந்த மண்ணை இடித்து அரிப்பதற்குக் கந்தோர் கொடுத்த அரிதட்டு ஓட்டையானபோது, நான் மா அரிக்கிற அரிதட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று வீட்டில் புட்டு இல்லை, பேச்சும் இல்லை.

அரித்து மிஞ்சுகிற கல்லை அவர் விறாந்தைக்கு வெளியே கொட்டிவிடுவார். "இதை நிறுக்கிறேல்லையோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கல்லு மண்ணில்லை. அதை எறிஞ்சுபோட்டுத்தான் மண்ணை நிறுக்கிறது" என்றார். எல்லா ஊரிலும் அதுதான் முறையாம். வாசலில் மழைக்குச் சேறாகாமல் இருக்க அந்தக் கல் உதவியது என்பதால் நானும் மேலே கேட்கவில்லை.

நாங்கள் வாடகைக்கு இருந்தது இரண்டு அறைகள். வீடு ஒரு முஸ்லிம் குடும்பத்துடையது. பல தலைமுறையாக அந்த ஊரில் இருப்பவர்கள். வீட்டுக்காரரை நாங்கள் அண்ணன் முறையில் நானா என்போம், அவர் மனைவியைத் தாத்தா என்போம். அக்காவைத் தாத்தா என்று கூப்பிட என் நாக்குப் பழகச் சில வாரங்கள் சென்றன. ரோட்டோரமாகச் சமதரையில் அவர்களுடைய வளவு. கொக்கோ, பாக்கு, மிளகுக்கொடி, ஈரப்பலா, பின்னால் ஊற்றுக் கிணறு. கடை கண்ணி ஒன்றும் அவர்களுக்குக் கிடையாது, அந்த வளவுதான் சோறு. நானா எப்போதும் சிரித்த முகம், ஆனால் பிடித்தால் பிடிதான். தாத்தா குறைவாகப் பேசுவார். பேசினால் வீட்டில் மற்றவர்கள் தங்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

சரிவில் வேலை நடக்கும்போது மத்தியானச் சாப்பாட்டைச் சில நாட்களில் நானே கொண்டுபோனேன். முளைகள் அடித்து, முளைக்கு முளை சங்கிலியால் அளந்திருப்பார்கள். ஒவ்வொரு முளையடியிலும், திருகாணி மாதிரி நீண்ட மண் துறப்பணத்தைத் தோட்டத்து ஆட்கள் இருவர் திருகி இறக்குவார்கள். ஏறி வருகிற மண்ணை அவர் பார்த்து எழுதுவார். செங்குத்தான சரிவு, நின்றால் கால் வழுக்கும். ஓரிடத்தில் துறப்பணம் கீச்சென்று நின்றது.

"கல்லுங்க ஐயா" என்றார் ஆட்களில் மூத்தவர்.

"கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ."

தள்ளிப் போட்டார்கள், அங்கும் கல். இன்னும் கொஞ்சம் தள்ளினார்கள், இறங்கியது. நல்ல செம்மண் ஏறி வந்தது. அவர் விரலில் நாடா இழுத்துப் பார்த்து, ஆழமான மண் என்று எழுதிக்கொண்டார். நான் சாப்பாடு ஆறுகிறது என்று அவசரப்படுத்தினேன்.

அவருடைய மேலதிகாரி ஒரு வெள்ளைக்காரர். குளிர்நாட்டின் மலைப்பக்கத்திலிருந்து வந்தவர். மண் வகைகளுக்கு அவர் ஒரு புத்தகம் வைத்திருந்தார், அதுதான் எல்லாவற்றுக்கும் பிரமாணம். அவருடைய ஊரில் ஆதிகாலத்தில் பனிக்கட்டி மலைபோல் நகர்ந்து வந்து, பாறையை அரைத்து, களியையும் கல்லையும் பெரிது சிறிது பாராமல் ஒன்றாகக் கலந்து சரிவுகளில் விட்டுப் போயிருக்கிறதாம். மேலே கல்லும் களியும், கீழே இடித்து இறுக்கினதுபோல் ஒரு படை, அதற்குள் தண்ணீர் இறங்காது. அந்த மண்ணுக்குப் புத்தகத்தில் தனிப் பக்கமே உண்டு. ஆனால் கண்டியில் எப்போதும் பனிக்கட்டி இருந்ததில்லை. ஆகவே அந்தப் பக்கம் இங்கே தேவையில்லை என்று துரை அதை நீக்கிவிட்டுத்தான் வகைகளைக் கொடுத்திருந்தார். என் கணவர் இதைச் சொன்னபோது எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. இல்லாத ஐஸுக்கு எதற்கு ஒரு பக்கம்?

படம் முடிந்தது. எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து அவரே வர்ணம் தீட்டினார். நானாவின் வளவுக்குப் பின்னால் எழும்புகிற சரிவு முழுவதும் சிவப்பு. அது பக்கத்துத் தோட்டத்துக்குச் சொந்தமான காணி, வெறும் மானாப்புல். ரோட்டோரத்தில் ஒரு ஸ்டோர் கட்டுவதற்குத் தோட்டத் துரைக்குச் சமதரை வேண்டியிருந்தது. படத்தின் பிரதி அவர் கந்தோருக்குப் போன கொஞ்ச நாளில் நானாவுக்கு ஆள் வந்தது. வளவைத் தந்தால் மேலே அதைப்போல மூன்று மடங்கு காணி தருவதாகச் சொன்னார்கள். வளவை மதித்துத்தான் கேட்டார்கள், மிரட்டவில்லை. நானாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆண்பிள்ளைகள் மூன்று பேர், வளர்ந்துகொண்டு வந்தார்கள்.

"முதலாம் நம்பர் மண்ணாமே! எங்கட ஊட்டுல ஈக்கிற மாத்தயா போட்ட படம். வேற சாட்சி என்னத்துக்கு?" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மாத்தயா என்றால் ஐயா, என் கணவர்தான். மேலே எங்கே வீடு, எங்கே கிணறு என்று இடம்கூடப் பார்த்துவிட்டார். நோன்புப் பெருநாள் கழிந்ததும் கையெழுத்து. தாத்தாவுக்கு இஷ்டமில்லை. ஆனால் அவர் சொன்னதெல்லாம், "கெணறு தோண்டிட்டுச் சொல்லுங்க, வாறேன்" என்பதுதான்.

எனக்கு அந்த நாட்களில் முருங்கைக்காய்ப் பைத்தியம். மசக்கை. ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்து தந்த முருங்கைத் தடியை நடுவதற்கு, வளவின் பின்பக்கம் சரிவு தொடங்குகிற இடத்தில் தாத்தா எனக்கு ஒரு மூலை காட்டினார். காலை நேரம். அலவாங்கு என்கிற கடப்பாரையை எடுத்துக் குத்தினேன், கல். ஒரு சாண் தள்ளிக் குத்தினேன், கல். இப்படியே தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் ஓரிடத்தில் சதக்கென்று இறங்கியது. தடியை நட்டுவிட்டு நிமிர்ந்தால், தாத்தா காட்டிய மூலை எங்கேயோ இருக்கிறது, நான் எங்கேயோ நிற்கிறேன். தாத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போதுதான் சரிவில் துறப்பணம் தள்ளித் தள்ளிப் போனது நினைவுக்கு வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

மத்தியானம் அவருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.

"இஞ்சாருங்கோ. துறப்பணம் கல்லிலை முட்டினால் தள்ளித்தானே போடுவியள்?"

"ஓம். கல்லைத் துளைக்கேலுமே?"

"முட்டின கல்லை எங்கையாவது எழுதுவியளோ?"

"ஏன் எழுதவேணும்? இறங்கின மண்ணைத்தான்..."

அதோடு நிறுத்திவிட்டார். கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. மேலே கேட்க வேண்டிய அவசியம் இல்லை. சரிவு முழுவதும் அவர் எழுதிக்கொண்டு வந்தது துறப்பணம் இறங்கிய இடங்களை மட்டும்தான். இறங்காத இடமெல்லாம் படத்தில் இல்லவே இல்லை. மிச்சமிருந்த சின்னக் கல்லையும் என் அரிதட்டு வெளியே எறிந்துவிட்டது. ஊசி போட இடமில்லாமல் கல் கிடந்தாலும் அந்த முறையில் அது ஆழமான செம்மண்ணாகத்தான் வரும்.

அன்று பின்னேரமே மண்வெட்டியும் அலவாங்குமாகப் போனார். மறுநாளும் போனார், அதற்கடுத்த நாளும் போனார். முளை எங்கே நிற்கிறதோ சரியாக அங்கேயே குழி தோண்டினார், தள்ளிப் போகவில்லை. இடுப்பளவுக்கு மேல் ஓர் இடத்திலும் தோண்ட முடியவில்லை. தேங்காய் அளவிலிருந்து மாட்டளவு வரை கல், இடையிடையே களி. அதற்குக் கீழே இறுகிய படை, படைக்கு மேல் தண்ணீர் கசிந்து நின்றது. காலங்காலமாக மேலேயிருந்து மழை உருட்டிக்கொண்டு வந்து சேர்த்த மண். மூன்றாம் நாள் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்து வந்து விறாந்தையில் இருந்தார்.

"படம் பிழை" என்றார். கொப்பளங்களைப் பார்த்தபடி, "அந்தாள் இதை நம்பியெல்லோ வளவைக் குடுக்கப்போறார்" என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கையைப் பிடித்து எண்ணெய் பூசிவிட்டேன். அரிதட்டுக்காக வைத்திருந்த கோபமெல்லாம் அன்றோடு போய்விட்டது.

வெள்ளைக்காரத் துரையைக் கூட்டிவந்து குழியைக் காட்டினார். துரை தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் குழிக்குள்ளேயே இறங்கிவிட்டாராம். களியைத் தடவி, கல்லைத் தட்டி, 'இது என் ஊர் மலை, அப்படியே என் ஊர் மலை' என்று சொன்னாராம். அவர் ஊரை விட்டு வந்து நெடுங்காலம். அந்த மனிதருக்குக் கண் கலங்கியதாக என் கணவர் சொன்னார். ஆனால் ஏறி வெளியே வந்ததும் புத்தகம் ஞாபகம் வந்துவிட்டது. பனிக்கட்டி இல்லாத நாட்டில் இந்த வகையை எப்படி எழுதுவது? புது வகை என்றால் மேலிடத்தைக் கேட்க வேண்டும், அதற்கு ஒரு வருஷமாவது செல்லும். அதுவரை படம் படமாகவே இருக்கட்டும், கந்தோர் போட்ட படத்தைக் கந்தோரே பிழை என்று சொல்லிக்கொண்டு திரியக் கூடாது, வருகிற பதவி உயர்வையும் யோசித்துக்கொள் என்று அன்பாகவே சொல்லிவிட்டுப் போனார்.

"பனிக்கட்டி தள்ளினால் என்ன, மழை தள்ளினால் என்ன, கல்லு கல்லுத்தானே!" என்று நான் கத்தினேன். கத்தி என்ன? துரையின் கார் பேராதனைக்குப் போய்விட்டிருந்தது. நோன்பு பாதி கழிந்திருந்தது.

என் கணவர் நானாவிடம் நேரே போய்ச் சொன்னார். நான் கதவருகில் நின்று கேட்டேன். நானா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது.

"படம் போட்டதும் நீங்க. இப்ப பிழைண்டு சொல்றதும் நீங்க. என்ன மாத்தயா இது?"

"பிழை விட்டிட்டம் நானா. உண்மையாத்தான் சொல்லுறன். அந்தக் காணி உங்களுக்கு வேண்டாம்."

நானா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தக் காணிய வேற யாருக்கும் குடுக்கப் போறாங்களா? அதுக்கா உங்கள அனுப்பினாங்க?"

அந்தக் கேள்வி என் கணவரை அறைந்ததுபோல் இருந்தது. அப்படியே திரும்பி வந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மாதமே வீடு மாறலாம் என்று சொன்னேன். அதுவரை ஒவ்வொரு நாளும் நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன் தாத்தா எங்களுக்கு ஒரு கோப்பை கஞ்சி அனுப்புவார். அன்று வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஒரே கூரையின் கீழ், நடுவில் ஒரு பலகைச் சுவர், அந்தப் பக்கம் கஞ்சி வாசம். வாந்தியும் பசியுமாக இருந்த எனக்கு அது பெரிய தண்டனை. கஞ்சிக்காக அழுதேனா, தாத்தாவுக்காக அழுதேனா என்று கேட்டால் இரண்டுக்கும்தான்.

பெருநாளுக்குச் சற்று முன் நானா தானே அலவாங்குடன் மேலே போய்வந்தார். வந்த வேகத்தில் எங்கள் பக்கம் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "நெஞ்சளவுக்கு எறங்குது! கல்லாம், கல்லு!"

என் கணவர் வெளியே வந்தார். "முதல் குத்திலேயே இறங்கினதோ நானா?"

"முதல் குத்துல கல்லு பட்டிச்சி. கொஞ்சம் தள்ளிக் குத்தினேன்."

"நானும் அப்பிடித்தான் செய்தனான்" என்றார் என் கணவர். நானா அலவாங்கைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனார். பலகைச் சுவருக்கு அப்பால் தாத்தாவின் குரல் கேட்டது. என்ன சொன்னார் என்று விளங்கவில்லை.

விளங்கியது பெருநாளுக்கு அடுத்த காலை. தாத்தா பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்துடன் எங்கள் பக்கம் வந்தார். "தங்கச்சி, எந்திரிங்க. நாலு பேரும் மேல போய்ப் பாத்துட்டு வருவம். நாளைக்குக் கையெழுத்து. ஒங்கட மாத்தயாவையும் வரச் சொல்லுங்க" என்றார். வட்டிலப்பத்தை நான் அங்கேயே நின்றபடி சாப்பிட்டேன், வெட்கம் பார்க்கவில்லை.

மேலே ஏறியதும் ஆண்கள் இருவரும் தொடங்கிவிட்டார்கள். நானா, இங்கே குத்திப் பாருங்கள் என்பார். என் கணவர், இல்லை முளையடியில்தான் குத்த வேண்டும் என்பார். நானா, முளை அடித்தது நீங்கள்தானே, கல்லைப் பார்த்து அடித்திருப்பீர்கள் என்பார். வெயில் ஏறியது. எனக்குத் தலை சுற்றியது, கால் வேறு வழுக்கியது. பொறுமை போய்விட்டது. குழியிலிருந்து ஒரு களி உருண்டையை அள்ளி, "ரெண்டு பேரும் குத்தினது காணும்!" என்று கத்திக்கொண்டு எறிந்தேன். யார்மேல் எறிந்தேன் என்று இப்போது சொல்வது சரியல்ல. அது ஒருவர்மேலும் படாமல் புல்லுக்குள் போய்ச் சப்பென்று ஒட்டிக்கொண்டது.

தாத்தா அந்த இடத்தையே பார்த்தார். பிறகு நானாவிடம், "அங்க குத்துங்க" என்றார்.

"அங்க என்னத்துக்கு?"

"நீங்களும் பாத்து எடுக்கல்ல, மாத்தயாவும் பாத்து எடுக்கல்ல. அந்த எடத்துல குத்துங்க. தள்ளிப் போக வாணாம்."

நானா குத்தினார், கல். தாத்தா ஓர் உருண்டை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தார். அங்கும் கல். நான் எறிந்தேன், தாத்தா எறிந்தார். பெருநாள் சேலையெல்லாம் களி. சில இடங்களில் அலவாங்கு நன்றாக இறங்கியதும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாலும் அந்த நெஞ்சைக் குத்துகிற ணங்கென்ற சத்தம்தான். ஒவ்வொரு தடவையும் நானாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டு வந்தது. அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. நாங்கள் ஜெயித்துக்கொண்டிருந்தோம், ஆனால் ஒரு சந்தோஷமும் இல்லை.

கடைசியில் நானா தான் வீட்டுக்கென்று பார்த்து வைத்த இடத்துக்குப் போனார். நெஞ்சளவு இறங்கிய இடம் அதுதான். அங்கே மண்வெட்டியால் அகலமாக வெட்டத் தொடங்கினார். என் கணவர் உதவிக்குப் போனதைத் தடுக்கவில்லை. அலவாங்கு இறங்கியது இரண்டு பெரிய பாறைகளுக்கு இடையிலிருந்த ஒரு சந்து. வீடும் இல்லை, கிணறும் இல்லை, ஒரு வாழைகூட வைக்க முடியாது. அடியில் படைமேல் தண்ணீர் நின்றது. நானா அந்தச் சந்துக்குள் இறங்கி நின்று இரண்டு பக்கமும் கையால் தட்டிப் பார்த்தார்.

"இங்க ஒரு ஆள அடக்கக் கபுருகூட வெட்ட ஏலாதே" என்றார்.

தாத்தா போய்க் கையைக் கொடுத்து அவரைத் தூக்கிவிட்டு, "வாங்க, ஊட்டுக்குப் போவம்" என்றார்.

மறுநாள் தோட்டத்துக் கந்தோரில் கையெழுத்துக்குப் பதிலாக மறுப்புச் சொல்லப் போனபோது, நானா என் கணவரையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நடந்ததை இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். தோட்டத் துரை படத்தை விரித்து வைத்து, உன் வீட்டில் இருப்பவரே போட்ட படம், முதலாம் வகை, ஏன் வேண்டாம் என்கிறாய் என்று கேட்டிருக்கிறார். நானா தலையைக் குனிந்துகொண்டு, "பொஞ்சாதி ஏலாதுண்டு சொல்லிட்டா, தொர" என்றிருக்கிறார். கந்தோரில் இருந்த கிளாக்குமார் எல்லோரும் சிரித்தார்களாம். பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று பெயர் எடுக்க நானா தயாராகத்தான் போயிருந்தார். படம் பிழை என்று தன் வாயால் சொன்னால் அது என் கணவரின் உத்தியோகத்தில் வந்து முடியும் என்று அவருக்குத் தெரியும். அதுவும் நோன்பு நாளில் அவரைச் சந்தேகப்பட்ட வாய்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் என் கணவர் முன்னால் போய், படம் பிழை, போட்டவன் நான், சரிவு முழுவதும் கல் என்று சொல்லியிருக்கிறார். துரை எழுதிக்கொண்டாராம்.

நானா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவரை ஏசிக்கொண்டே வந்தார். "நான் சமாளிச்சிட்டேனே! வாய மூடிட்டு நிண்டிருக்க ஏலாதா ஒங்களுக்கு?" என்று விறாந்தையில் வந்து நின்றும் கத்தினார். கத்தும்போது அழுதார். அழுதுகொண்டே என் கணவரின் தோளைப் பிடித்திருந்தார்.

பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. எங்களை வன்னிப் பக்கம் மாற்றினார்கள். என் முதல் பிள்ளை காய்ச்சல் பிடித்த ஓர் ஊரில், ஓலைக் கொட்டிலில் பிறந்தது. அதெல்லாம் பின்னால். அன்று பின்னேரம் எனக்கு இதெல்லாம் வரப்போகிறது என்று தெரியும், வயிற்றில் பிள்ளையோடு எனக்குச் சரியான கோபம். நானா போனதும் கேட்டுவிட்டேன்.

"அந்த மனிசன் தன்ரை மானத்தை விட்டு உங்களைக் காப்பாத்தினார். அவற்றை வளவும் தப்பியிட்டுது. பிறகேன் நீங்கள் வாயைத் திறந்தனீங்கள்? ஆருக்காக?"

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்தார்.

"நானா வேண்டாமெண்டால் துரை வேறை ஒருத்தனைக் கூப்பிடுவார். அவனுக்கும் பிள்ளையள் இருக்கும், அவனும் படத்தைத்தான் பாப்பான்" என்றார். "அவன்ரை வீட்டிலை நாங்கள் வாடகைக்கு இருக்கமாட்டமப்பா."